கலத்தினுள் நடக்கும் தூதுவர்: ஓமோன் வாங்கிகளின் இயக்கம்

மானிட உடல் எண்ணிறந்த கலங்களாலாயது. அக்கலங்கள் ஒவ்வொன்றும் தத்தம் தொழிலைத் தாமே செய்வனவாயினும், ஒரு குடும்பத்தார்போல ஒத்து நடத்தற்பொருட்டுத் தம்முட் செய்தி பரிமாறிக்கொள்ளுகின்றன. அச்செய்திகளுட் பல குருதியின் வழியே செல்வன. அகஞ்சுரக்குஞ் சுரப்பிகள் மிகச் சிறிய அளவிற் சுரந்து குருதியிற் கலக்கவிடும் செய்திப் பொருள்களையே ஓமோன்கள் என்று வழங்குகின்றோம். ஓர் ஓமோன் குருதியோடு உடலெங்குஞ் சுற்றி வரினும், எல்லாக் கலங்களும் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. எக்கலத்தில் அதனைப் பற்றிக்கொள்ளும் புரதம் உண்டோ அக்கலமே அதன் சொல்லைக் கேட்கும். அப்புரதமே வாங்கி எனப்படும்.

பாடநூல்கள் ஓமோனைத் திறவுகோலுக்கும் வாங்கியைப் பூட்டுக்கும் ஒப்பிடும். இவ்வுவமை ஓரளவிற்குப் பொருந்துவதே. ஒரு பூட்டுக்கு உரிய திறவுகோல் மற்றொரு பூட்டைத் திறவாதவாறு, ஒரு வாங்கிக்கு உரிய ஓமோனே அதிற் செவ்வனே பொருந்தும். ஆயினும் பூட்டு, கதவில் அறையப்பட்டு ஓரிடத்தே கிடப்பது. வாங்கியோ அவ்வாறு கிடப்பதன்று. அது கலத்தினுள் நடக்கின்றது, வாயில் கடக்கின்றது, பணி முடிந்தபின் மீளுகின்றது, சில வேளை மறைந்துங் கொள்ளுகின்றது. ஓமோன் கொணர்ந்த செய்தி நிறைவேறுவதும் நிறைவேறாதொழிவதும் பெரும்பாலும் இந்நடையைப் பொறுத்தனவே. இதனை எடுத்து விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். நம்மூரார் நாடோறும் உட்கொள்ளும் மருந்துகள் சிலவற்றின் இயல்பும் இதனால் விளங்குமாதலின், இவ்வாராய்ச்சி ஆய்வுகூடத்தார்க்கு மாத்திரம் உரியதன்று.

சொற்களைப்பற்றி ஒரு வார்த்தை. இங்கே கல்லடி உப்போடையில் 1929ஆம் ஆண்டிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலாநந்த அடிகள், தமிழ்ப் பேரறிஞராதலோடு விஞ்ஞானப் பட்டம் பெற்றவருமாவர். 1936இற் சென்னையிலே கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பித்தற்கு வேண்டிய கலைச்சொற்கள் உருவாக உழைத்தவர். அம்முயற்சியின் வழியிலே பின்னர் இலங்கையில் வளர்ந்த கலம், கரு, குழியவுரு, மென்சவ்வு, இழையம், வாங்கி என்னுஞ் சொற்களையே நாமும் ஈண்டு ஆளுகின்றோம். கரு என்பது இக்கட்டுரையில் வயிற்றிலுள்ள சிசுவைக் குறியாது, கலத்தின் நடுவிலுள்ள உறுப்பையே குறிக்கும்.

கலத்தின் அமைப்பு

ஒரு கலத்தை மனத்திற் காண விரும்புவோர் மட்டக்களப்பு வாவியையும் அதன் நடுவே அமைந்த புளியந்தீவையும் எண்ணிக்கொள்ளலாம். வாவியைச் சூழ்ந்த கரை, கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வு. வாவிநீர், குழியவுரு. தீவு, கரு. தீவுக்குச் செல்வோர் பாலங்களின் வழியே செல்லவேண்டியதுபோல, கருவினுட் புகுவன அதன் உறையிலுள்ள துளைகளின் வழியே புகவேண்டும். இத்துளைகள் ஒரு கருவில் ஆயிரக்கணக்கில் உள்ளன. பரம்பரையலகுகள் என்னும் ஏடுகள் கருவினுள்ளேதான் காக்கப்பட்டிருக்கின்றன. எந்தப் புரதத்தை எப்போது ஆக்குவது என்னும் விதிகளெல்லாம் அவ்வேடுகளில் அடங்கும்.

ஓமோன்களை அவை கலத்தினுட் புகும் ஆற்றலை நோக்கி இருவகையாகப் பகுக்கலாம். இன்சுலின், அதிரினலின் முதலியன கரையைக் கடக்கமாட்டாதவை. ஆதலின் அவற்றின் வாங்கிகள் மென்சவ்விலே பதிந்து வெளிமுகமாக நிற்கின்றன. ஸ்டீரொயிட்டு ஓமோன்களோ கொழுப்பிற் கரையும் இயல்பினவாதலின் மென்சவ்வைத் தாமே ஊடுருவி உட்செல்லுகின்றன. அதிரீனற் சுரப்பியிற் பிறக்கும் கோட்டிசோலும், பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்தரோனும், ஆண்மைக்குரிய தெஸ்தெஸ்தரோனும் இவ்வகையின. இவற்றின் வாங்கிகள் கலத்தின் உள்ளே இருக்கின்றன. உள்ளே என்றால் வாவியிலா, தீவிலா? இவ்வொரு வினாவே அறிஞரை ஏறக்குறைய இருபது ஆண்டுக்காலம் அலைத்தது. அவ்வரலாற்றில் தமிழ்ப் பெண்மணியொருவரின் பங்கும் உண்டு.

சியாமளா கோபாலனும் எலியின் கருப்பையும்

1950களின் இறுதியிலே சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்வுட் ஜென்சன் ஓர் உபாயம் செய்தார். கதிர்வீசும் ஐதரசனாகிய திரித்தியத்தை ஈஸ்ட்ரடயோல் என்னும் ஈஸ்ட்ரோஜனிற் சேர்த்து, அவ்வோமோன் உடலில் எங்கெங்கே தங்குகின்றதென்று அளந்தார். கருப்பை முதலிய சில இழையங்கள் அதனைப் பற்றி வைத்துக்கொள்ளுதலும், ஏனையவை விட்டுவிடுதலும் இதனால் வெளிப்பட்டன. 1964ஆம் ஆண்டில், புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்து ஜி. பி. தல்வார், ஷெல்டன் சீகல் முதலானோருடன் கூடி, கருப்பையில் ஈஸ்ட்ரடயோலைப் பற்றும் பொருளைப்பற்றி ஆய்வுரை வெளியிட்டார். 1966இல் இலினோய்ப் பல்கலைக்கழகத்து ஜாக் கோர்ஸ்கியும் அவர் மாணவர் டேவிட் டொஃப்டும் வாங்கியை இழையத்தினின்றும் பிரித்தெடுத்துக் காட்டினர்.

கோர்ஸ்கியின் ஆய்வுக்குழுவிற் பணியாற்றியவரே சியாமளா கோபாலன். அவர் 1938இற் சென்னையிலே தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்தவர். தந்தையாராகிய பி. வி. கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரம். சியாமளா தில்லியிலுள்ள லேடி இர்வின் கல்லூரியில் மனையியல் பயின்று பட்டம் பெற்று, 1958இலே தனியராகக் கடல் கடந்து அமெரிக்காவிலுள்ள பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். 1964இல் அங்கே கலாநிதிப் பட்டம் பெற்றார். மனையியல் கற்ற பெண் விஞ்ஞான ஆராய்ச்சிக்கு ஆகாள் என்று எண்ணுவோர் இவர் வரலாற்றை நோக்குவாராக.

அவரும் கோர்ஸ்கியும் எலியின் கருப்பையை வைத்துச் செய்த ஆய்வு 1969ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்நாளைய முறை யாதெனின், இழையத்தை அரைத்துக் கலங்களை உடைத்து, மையநீக்கியிற் சுழற்றுதல். பாரமுள்ள கருக்கள் அடியிலே படியும். குழியவுருவின் கரைசல் மேலே நிற்கும். பின்னர் கதிர்வீசும் ஓமோன் எப்பகுதியில் எவ்வளவு உள்ளதென்று கணிப்பர். ஓமோன் சேராத இழையத்தில் வாங்கி மேற்கரைசலிற் காணப்பட்டது. ஓமோன் சேர்ந்து, உடலின் இயல்பான வெப்பத்தில் வைக்கப்பட்டபோது, கரைசலிலுள்ள வாங்கி குறைந்தது. கருப்பகுதியிலே ஓமோனோடு கூடிய வாங்கி மிகுந்தது. குளிரிலே வைத்தால் இம்மாற்றம் மிக மெதுவாயிற்று. கருவிலே காணப்படும் வாங்கி புதிதாக அங்கே தோன்றியதன்று, குழியவுருவிலிருந்த வாங்கியினின்றும் வந்ததே என்னும் முடிவுக்கு இவ்வாய்வு துணை நின்றது.

இவ்வாறு எழுந்ததே ஈரடிக் கொள்கை. ஜென்சனும் கோர்ஸ்கியும் 1968இலே தனித்தனியே இதனை எடுத்துரைத்தனர். முதலடி: ஓமோன் குழியவுருவில் வாங்கியைச் சேர்தல். இரண்டாமடி: ஓமோனேந்திய வாங்கி கருவினுட் சென்று பரம்பரையலகைத் தூண்டுதல். ஓமோன் தானே செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை, வாங்கியே அதனைச் சுமந்து செல்லும் தூதுவன் என்னும் உண்மை அன்று உலகுக்குப் புலனாயிற்று.

சியாமளா பின்னர் கனடாவிலே மொன்றியல் நகரிலும், இறுதியிற் பேர்க்கிலியிலுள்ள தேசிய ஆய்வுகூடத்திலும் பணியாற்றி, மார்பக வளர்ச்சியிலும் மார்பகப் புற்றுநோயிலும் புரொஜெஸ்தரோன் வாங்கி வகிக்கும் பங்கினை ஆராய்ந்தார். 2009ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவருடைய மூத்த புதல்வி கமலா ஹரிஸ் 2021 முதல் 2025 வரை அமெரிக்காவின் உப ஜனாதிபதியாக இருந்தமையால் அன்னையின் பெயரும் உலகெங்கும் அறியப்பட்டது. ஆயினும் அப்பெயர் விஞ்ஞான ஏடுகளில் தன்னுழைப்பால் முன்னரே இடம்பெற்றதென்பதை நாம் மறத்தலாகாது.

உடைந்த கலமும் உயிருள்ள கலமும்

ஈரடிக் கொள்கை பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்களில் நிலைத்தது. ஆயினும் ஓர் ஐயம் எஞ்சி நின்றது. கலத்தை உடைத்துப் பார்த்தன்றோ வாங்கியின் இருப்பிடம் கூறப்பட்டது? கருவிலே தளர்ச்சியாக ஒட்டியிருந்த வாங்கி, இழையத்தை அரைக்கும்போது கசிந்து கரைசலிற் கலந்திருந்தால் யாது செய்வது? வீட்டை இடித்தபின், வீட்டுக்காரர் எவ்வறையில் இருந்தாரென்று கேட்டால் விடை எவ்வாறு கிடைக்கும்?

1984இலே இவ்வையத்தைத் தீர்த்த இரண்டு ஆய்வுகள் ஒருங்கே வெளிவந்தன. வில்லியம் கிங், ஜெப்ரி கிறீன் என்னும் இருவரும் ஈஸ்ட்ரோஜன் வாங்கியை மாத்திரம் பற்றும் பிறபொருளெதிரியைக் கொண்டு, கலத்தை உடைக்காமலே சாயமேற்றிப் பார்த்தனர். ஓமோன் சேராதபோதும் சாயம் கருவிலேயே காணப்பட்டது. மற்றோர் ஆய்வில், கலத்தினின்றும் கருவை முழுதாகப் பிரித்துவிடும் மருந்தொன்றைப் பயன்படுத்தினர். கருவற்ற பகுதியில் வாங்கி மிகச் சிறிதளவே இருந்தது. கருவோடு சென்ற பகுதியிலேயே பெரும்பாலும் இருந்தது. ஈஸ்ட்ரோஜன் வாங்கி ஓமோன் வருமுன்னரே தீவில் வாழ்வதென்பது இவற்றால் தெளிவாயிற்று.

இங்கே மாணவர் சிறப்பாகக் கருதவேண்டியதொன்றுண்டு. இவ்விரண்டாவது ஆய்வைச் செய்தவர்களுள் ஒருவர் அதே ஜாக் கோர்ஸ்கி. 1968இலே தாம் நாட்டிய கொள்கையின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜன் வாங்கிக்குப் பொருந்தாதென்பதற்குச் சான்றினை அவரே தேடிக் கொணர்ந்தார். தம் கட்சி வெல்லவேண்டும் என்பதினும் உண்மை விளங்கவேண்டும் என்பதே ஆராய்ச்சியாளர்க்கு அழகு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அப்படியாயின் வாங்கி நடக்கின்றதென்பது பொய்யா? அன்று. கோட்டிசோலின் வாங்கியும் தெஸ்தெஸ்தரோனின் வாங்கியும் ஓமோன் வருமளவும் பெரும்பாலும் குழியவுருவிலேயே காத்திருந்து, அது வந்தபின் கருவினுட் செல்லுகின்றன. இவற்றுக்கு ஈரடிக் கொள்கை இன்றும் பொருந்துகின்றது. கருவிலே குடியிருக்கும் ஈஸ்ட்ரோஜன் வாங்கியும் அங்கே அசைவற்றுக் கிடப்பதன்று. இதனைக் கண்ணாற் காண்பதற்கு வேறொரு கருவி வரவேண்டியிருந்தது.

இழுதுமீன் தந்த விளக்கு

கடலிலே மிதக்கும் இழுதுமீன் வகையொன்று பச்சையொளி தருவது. அவ்வொளிக்குக் காரணமான புரதத்தை ஒசாமு சிமொமுரா 1962இற் கண்டறிந்தார். அப்புரதத்துக்குரிய பரம்பரையலகை வேறு உயிர்களிற் புகுத்தினால் அவையும் பச்சையொளி தருமென்று மாட்டின் சல்பி 1994இற் காட்டினார். இவர்களுக்கும் ரொஜர் சியென் என்பவருக்கும் 2008இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஒரு வாங்கியின் பரம்பரையலகோடு இவ்வொளிப் புரதத்தின் பரம்பரையலகை இணைத்துவிட்டால், கலம் ஆக்கும் வாங்கி ஒவ்வொன்றும் தலையில் விளக்கேந்திப் பிறக்கும். அதன்பின் கலத்தை உடைக்கவேண்டுவதில்லை. உயிரோடிருக்கும் கலத்தை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து, ஓமோனைச் சேர்த்துவிட்டு, விளக்குகள் செல்லும் வழியைப் பார்த்துக்கொண்டிருத்தல் ஒன்றே வேண்டுவது.

இம்முறையால் தெஸ்தெஸ்தரோன் வாங்கியின் நடையை விளக்கியவருள் இந்தியர் பங்கு பெரிது. அமெரிக்காவில் சான் அந்தோனியோ நகரிலே அருண் ரோய் என்பாரின் ஆய்வுகூடத்தில், ராகேஷ் தியாகி முதலானோர் செய்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஓமோன் இல்லாதபோது வாங்கியின் ஒளி குழியவுருவிற் பரந்திருந்தது. ஓமோன் சேர்ந்து ஒரு மணி நேரம் செல்லுமுன் ஒளி கருவினுள்ளே திரண்டது. ஓமோனைக் கழுவி அகற்றியபின் வாங்கி மீண்டும் குழியவுருவுக்குத் திரும்பியது. மறுபடி ஓமோனைச் சேர்த்தபோது மறுபடியும் உட்சென்றது. ஒருமுறை ஆக்கப்பட்ட வாங்கி பலமுறை போய்வர வல்லதென்பது இதனாற் புலனாயிற்று. தியாகி பின்னர் புதுதில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலே இத்துறை ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

கருவினுள்ளே நிகழ்வது இதனினும் வியப்புடையது. பரம்பரையலகின்மீது அமர்ந்த வாங்கி பணி முடியுமட்டும் அங்கேயே நிலைத்திருக்குமென்று முன்னர் நம்பினர். 2000ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் மக்நலி, கோர்டன் ஹேகர் முதலானோர் கோட்டிசோல் வகை ஓமோனின் வாங்கியை வைத்து இதனைச் சோதித்தனர். அவர்கள் கையாண்ட முறையை நம் வாவியைக் கொண்டு விளக்கலாம். இரவிலே வாவியில் விளக்கேந்திய தோணிகள் பல நிற்கின்றன என்று கொள்வோம். ஓரிடத்திலுள்ள விளக்குகளை மாத்திரம் ஒரு நொடியில் அணைத்துவிடுகின்றோம். அவ்விடம் நெடுநேரம் இருளாகவே கிடந்தால் தோணிகள் நங்கூரமிட்டவை. சிறிது நேரத்தில் அங்கே மீண்டும் வெளிச்சம் தோன்றினால், அணைந்தவை அகன்று வேறு தோணிகள் வந்தன என்பது பொருள். ஆய்வாளர் லேசர்க் கதிரினால் விளக்கணைத்துப் பார்த்தனர். சில விநாடிகளுக்குள் ஒளி மீண்டது. வாங்கி பரம்பரையலகைத் தொட்டுத் தொட்டு விலகும் தன்மையது, அமர்ந்து உறங்குவதன்று என்பது அன்று அறியப்பட்டது.

இவ்விரைவுக்குப் பயனுண்டு. கோட்டிசோல் குருதியில் ஒரே சீராகப் பாய்வதில்லை; அலையலையாக எழுந்து தாழுகின்றது. வாங்கி ஓரிடத்தே ஒட்டிக்கொண்டு கிடக்குமாயின், ஓமோன் தாழ்ந்தபின்னரும் பழைய கட்டளையே நடந்துகொண்டிருக்கும். தொட்டு விலகுவதாலேயே கலம் கணந்தோறும் மாறும் நிலைமையை அறிந்து நடக்கின்றது.

பயணத்துக்குத் துணையாவன

வாங்கி தானாகவே நினைத்தபடி திரிவதன்று. ஓமோன் வருமுன், கோட்டிசோல் வாங்கியைத் துணைப்புரதங்கள் சில சூழ்ந்து, ஓமோனை ஏற்கத் தக்க வடிவில் அதனைப் பேணுகின்றன. ஓமோன் பொருந்தியதும் வாங்கியின் உருவம் சிறிது மாறுகின்றது. அதனால், அதுவரை மறைந்திருந்த ஓர் அடையாளப் பகுதி வெளிப்படுகின்றது. கருவினுட் செல்ல உரிமைபெற்றது இது என்பதைக் காட்டும் கடவுச்சீட்டு என அதனைக் கருதலாம். கருத்துளையின் வழியே சரக்குகளைக் கொண்டுசெல்லும் காவிப்புரதங்கள் அவ்வடையாளத்தைப் பற்றிக்கொண்டு வாங்கியை உள்ளே சேர்க்கின்றன.

காவி எதற்கு என்று கேட்கலாம். ஸ்டீரொயிட்டு ஓமோனின் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 300. வாங்கிகளின் நிறையோ அதனைப்போல இருநூறு முதல் நானூறு மடங்கு வரை. நிறை ஏறக்குறைய 40,000க்கு உட்பட்ட சிறு பொருள்கள் துளைகளின் வழியே தாமாகக் கசிந்து செல்லக்கூடும். அதனினும் பெரியவற்றுக்கு அழைத்துச்செல்வோர் வேண்டும். குழியவுருவிலே நுண்ணிய குழாய்கள் பாதைகள்போல் ஓடுகின்றன. அப்பாதைகளைப் பற்றி இழுத்துச்செல்லும் இயக்கப்புரதங்களும் கோட்டிசோல் வாங்கியின் விரைந்த நடைக்கு உதவுகின்றனவென்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இவையெல்லாம் செவ்வனே அமைந்தவிடத்து, பாதியளவு வாங்கி கருவை அடைதற்குச் சில நிமிடங்களே போதும்.

கரையில் நிற்கும் வாங்கிகள்

இனி மென்சவ்விற் பதிந்த வாங்கிகளை நோக்குவோம். மென்சவ்வு சுவர்போல இறுகியதன்று. எண்ணெய்ப் படலம்போல நெகிழ்ந்தது. அதிலே வாங்கிகள் மிதந்து பக்கவாட்டில் நகருகின்றன. 1978இலே சிலெசிங்கர், பாஸ்ரன் முதலானோர் ஒளிரும் இன்சுலினை உயிருள்ள கலங்களிற் சேர்த்துப் பார்த்தனர். முதலிற் சிதறியிருந்த வாங்கிகள் சிறு கூட்டங்களாகத் திரண்டு, பின்னர் மென்சவ்வு உட்குழிந்து பையாக, அதனோடு கலத்தினுட் சென்றன. உட்சென்றவற்றுட் சில கரைக்கு மீளுகின்றன. சில கலத்தினுள்ளே சிதைக்கப்படுகின்றன. ஆகவே ஓமோன் அளவுக்கு மிஞ்சி நெடுநேரம் நிற்குமாயின், கலம் தன் வாங்கிகளை உள்ளே இழுத்துக்கொண்டு, கேளாச்செவியாகிவிடுகின்றது. ஓயாது கூவுபவன் குரலுக்கு ஊரார் கதவடைப்பது போன்றதே இது. அதிரினலின் வாங்கியிலும் இவ்வியல்பைக் கண்டு விளக்கியவர்களுள் முதன்மையானவர் றொபேட் லெஃப்கோவிச். வாங்கிகளைப்பற்றிய ஆராய்ச்சிக்காக அவரும் பிரையன் கோபில்காவும் 2012இல் நோபெல் பரிசு பெற்றனர்.

ஐதராபாத்திலுள்ள கல, மூலக்கூற்று உயிரியல் நிலையத்திலே அமிதாப சட்டோபாத்தியாயரும் அவர் குழுவினரும், செரோடோனின் என்னும் செய்திப்பொருளின் வாங்கி மென்சவ்வில் நகருமாற்றை முற்கூறிய விளக்கணைக்கும் முறையால் ஆராய்ந்தனர். மென்சவ்விலுள்ள கொலஸ்திரோலைக் குறைத்தால் வாங்கியின் நடமாட்டம் ஒடுங்கிக் கட்டுப்படுகின்றதென்று 2007இற் காட்டினர். வாங்கியின் நடை வாங்கியை மாத்திரமன்றி அது மிதக்கும் படலத்தின் தன்மையையும் பொறுத்ததென்பது இதனாற் பெறப்படும்.

நமக்கு இதனால் ஆவதென்ன?

ஆஸ்துமா என்னும் இழுப்புநோயுடையார்க்கு இருவகை உறிஞ்சு மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. ஒன்று சல்பியூட்டமோல் போன்ற உடனடி நிவாரணி. அது சுவாசக் குழாய்களில் அதிரினலினின் வாங்கியைப் பற்றிச் சில நிமிடங்களிலே மூச்சை எளிதாக்கும். மற்றொன்று ஸ்டீரொயிட்டு வகைத் தடுப்பு மருந்து. அதன் செய்தி வாங்கியால் கருவுக்குச் சுமந்து செல்லப்பட வேண்டும். அப்பயணம் சில நிமிடங்களே எனினும், அதன்பின் பரம்பரையலகுகள் தூண்டப்பட்டு அல்லது அடக்கப்பட்டு, புரதங்களின் அளவு மாறி, குழாய்களின் அழற்சி தணிதற்கு மணிக்கணக்கும் நாட்கணக்கும் ஆகும். இதனை அறியாதார், "இழுத்தவுடன் சுகமில்லையே" என்று தடுப்பு மருந்தைக் கைவிட்டு, நிவாரணியையே மேன்மேலும் நாடுவர். அளவு மிஞ்சி நாடும்போது, முற்கூறியவாறு கரையிலுள்ள வாங்கிகள் குறைந்து மருந்தின் வலி தளரும். வாங்கிகளைப் புதிதாக ஆக்கும் பரம்பரையலகைத் தூண்டுவதோ தாம் கைவிட்ட அந்த ஸ்டீரொயிட்டே. ஒரு மருந்து மற்றொன்றின் வழியைச் செப்பனிடுகின்றது. மூச்சுக்குத் திணறும் பிள்ளையைத் தோளிலிட்டு நள்ளிரவில் வைத்தியசாலைக்கு ஓடும் துன்பம், நாடோறும் தவறாது தடுப்பு மருந்தைக் கொடுப்பதாற் பெரிதும் குறையும். ஸ்டீரொயிட்டு மாத்திரைகளை நெடுநாள் உட்கொண்டோர் வைத்தியரைக் கேளாது சடுதியில் நிறுத்துதலும் ஆகாது. வெளியிலிருந்து வந்த ஓமோனைக் கண்டு உடலின் சொந்தச் சுரப்பி ஓய்ந்திருக்குமாதலின், அது மீண்டும் எழுதற்குக் காலம் கொடுத்தல் வேண்டும்.

மார்பகப் புற்றுநோயிலும் இவ்வறிவு உயிர்காப்பதாயிற்று. அந்நோயிற் பெரும்பாலானவற்றின் கலங்களில் ஈஸ்ட்ரோஜன் வாங்கி உண்டு. அறுத்தெடுத்த இழையத்தில் இவ்வாங்கி உளதா என்று சாயமேற்றிப் பார்க்கின்றனர். சாயம் கருவிலே தோன்றுதலை நோக்கியே விடை கூறப்படுகின்றது. 1984இற் கிங், கிறீன் என்போர் கண்டதும் இதுவேயன்றோ! வாங்கி உண்டெனின், ஓமோனுக்குரிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும் தமொக்சிபென் முதலிய மாத்திரைகள் பயன்படும். புல்வெஸ்திரந்து என்னும் மற்றொரு மருந்து வாங்கியின் நடமாட்டத்தையே முடக்கி அதனை அழிவுக்கு உள்ளாக்குகின்றது. உயிருள்ள கலங்களில் இம்முடக்கத்தை 2001இலே மாஞ்சினி முதலானோர் கண்டனர். ஆண்களுக்கு வரும் புறொஸ்ரேற்றுப் புற்றுநோய்க்கு 2012 முதல் வழங்கிவரும் என்சலூட்டமைட்டு என்பது தெஸ்தெஸ்தரோன் வாங்கி கருவினுட் செல்லுதலைத் தடை செய்கின்றது. தூதுவன் வாயில் கடவாதபடி தடுத்தலே அங்கே மருத்துவம். ஆயினும் எம்மருந்தும் காலத்தே நாடினார்க்கே முழுப்பயன் தரும். மார்பிலே கட்டியொன்று தென்பட்டால், நாணத்தாலோ அச்சத்தாலோ மறைத்து வைக்காது வைத்தியரிடங் காட்டுமாறு தாய்மார்க்கும் சகோதரிமார்க்கும் எடுத்துச் சொல்லுதல் கற்றார் கடன்.

முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். ஓமோன் உளதாதல் மாத்திரம் போதாது. அதனை ஏற்கும் வாங்கி உளதாதல் வேண்டும். வாங்கி உளதாதலும் போதாது. அது உரிய காலத்தில் உரிய இடத்தை அடைதல் வேண்டும். அடைந்தபின்னும் அங்கேயே ஒட்டிக்கிடவாது, பணி முடித்து விலகுதல் வேண்டும். இம்மூன்றும் ஒத்து நடப்பதே ஆரோக்கியம். மருந்துகள் பல இம்மூன்றில் ஒன்றைத் திருத்துவனவே.

மற்றொரு பாடமும் உண்டு. எலியின் கருப்பையை அரைத்துப் பார்த்தவர்கள் தங்கள் காலத்துக் கருவியால் இயன்றமட்டும் கண்டனர். அவர்கள் கண்டதிற் பெரும்பகுதி நிலைத்தது; ஒரு பகுதி திருத்தப்பட்டது. திருத்தியோரும் முன்னோர் இட்ட அத்திவாரத்தின்மீது நின்றே திருத்தினர். இன்றைய கொள்கைகளும் நாளை இன்னும் நல்ல கருவிகளின் முன் நிறுத்திச் சோதிக்கப்படும். அச்சோதனையைச் செய்யப்போகின்றவர்களுள் நம் வாவிக்கரைப் பாடசாலைகளிற் பயிலும் பிள்ளைகளும் இருத்தல் வேண்டும். மன்னார்குடிப் பூர்வீகமுடைய பெண்ணொருத்திக்கு இயன்றது மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு இயலாததன்று. விஞ்ஞானத்தை எண்ணுதற்கு வேண்டிய சொற்களை முன்னோர் தமிழிலே ஆக்கி வைத்துவிட்டனர். அச்சொற்களைக் கொண்டு புதிய உண்மைகளைத் தேடும் பணியே இனி எஞ்சியது. நம் கல்லூரியின் பழைய மாணவர், வசதியுள்ளோர் நூலும் கருவியும் உதவியும், கற்றோர் வழிகாட்டியும், அப்பணிக்குத் துணை நிற்பாராக.